டோல்கேட்டுக்கு வராத பஸ்

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். மணலிப் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவார், அங்கிருந்து வேறொன்றை ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஓட்டுகிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம். சில நாட்களில் வண்டி எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே நகராமல் நிற்கும். நான் தூக்கில் சோறு எடுத்துப்போய், ஏணிபோல் இருக்கிற அந்தப் படியில் ஏறி, கொடுத்துவிட்டு வருவேன்.

இரண்டு வருடம் முன்பு, கோடை விடுமுறையில், எங்கள் மகள்கள் இருவரும் நகரத்தின் தென்கோடியில் இருக்கிற பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அன்றைக்கு அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

"தோஸ்த்து காரு சும்மாதான் கீது. கேட்டா தருவான். காலைல ஏறுனா ரெண்டு மணி நேரம், நேரா உள்ள போயி வுட்டுடலாம்" என்றார் அவர்.

"வேணாம். அவங்களே பஸ் வுடறாங்களாம். நீ ஒரு நாளாவது ஜன்னலோரமா குந்தி வேடிக்கை பாத்துக்கினு வாய்யா."

பூங்காவின் இணையப் பக்கத்தில் அந்தப் பஸ்ஸுக்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். எங்கெங்கே நிற்கும் என்று ஒரு பட்டியல். தெற்கே ஐந்தாறு இடம், மேற்கே இரண்டு மூன்று. கடைசியில், வடசென்னை: திருவொற்றியூர் டோல்கேட், காலை ஆறே முக்கால். எங்கள் ஊர்ப் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. இராயபுரத்தில் இருக்கும் என் தம்பி அப்போதே போனில் சிரித்தான். "பஸ்ஸு வரும்னு நம்பிக்கினு கீறியா யக்கா? நம்ப ஏரியாவுக்கு ஆட்டோக்காரனே வரமாட்டான்." நான் அவனைத் திட்டி வைத்துவிட்டேன்.

ஆறரைக்கே டோல்கேட்டில் போய் நின்றோம். எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. தண்டையார்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா, அவள் புருஷன், இரண்டு மகள்கள். அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். அன்றைக்கு மட்டும் ஏலத்துக்குப் போகாமல், தலைக்குக் கனகாம்பரம் வைத்து, புதுச் செருப்பு போட்டு வந்திருந்தாள். எல்லார் கையிலும் மாற்றுத் துணிப் பை. பிள்ளைகள் பைகளின் மேல் உட்கார்ந்து, எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழு ஆயிற்று. ஏழே கால் ஆயிற்று. பஸ் பதிவில் கொடுத்திருந்த எண்ணுக்கு நான்தான் கூப்பிட்டேன். நான் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. அந்நியர்களிடம் பேசும்போது என் தமிழ் தானாகவே வகுப்பறைத் தமிழாகிவிடும்.

"வணக்கம் மேடம். நார்த் சென்னை பஸ் இன்னைக்கு சென்ட்ரல்லேருந்துதான் கிளம்புது மேடம். நீங்க சென்ட்ரல் வந்துடுங்க."

"ஏன்? டோல்கேட் என்றுதானே பதிவு செய்திருக்கிறோம்?"

"உங்க ஏரியால கண்டெய்னர் டிராஃபிக் மேடம். டிரைவருங்க உள்ள வரமாட்டேங்குறாங்க."

"எப்போது கிளம்பும்?"

"ஏழரைக்கு மேடம்."

அப்போது மணி ஏழு இருபது. மெட்ரோவில் பறந்தாலும் அரைமணி நேரம். பதிமூன்று பேர் இருக்கிறோம், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அப்படி நிறுத்த முடியாது என்றான். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்றேன். மெசேஜ் போயிருக்குமே என்றான். யாருக்கும் எந்த மெசேஜும் வரவில்லை. அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று.

"இன்னா வெள்ளாடுறியா? மாநகரப் பஸ்ஸு டெய்லி வர்ற ரோட்ல உன் பஸ்ஸு வராதா? கொயந்தைங்கள இட்டுக்கினு ஒரு மணி நேரமா ரோட்ல நிக்கிறோம், உனக்கு நக்கலா கீதா?"

அவன் குரல் மாறியது. "யம்மா, மரியாதையா பேசும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதுவரை இருந்த 'மேடம்' எங்கே போனது என்று தெரியவில்லை. நான் அவனை ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினேன், அவ்வளவுதான். பாயின் கடைசிப் பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது.

என் கணவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளிப்போய் யாருக்கோ போன் செய்தார். கால் மணி நேரத்தில் காலடிப்பேட்டைப் பக்கமிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. அவருடைய கூட்டாளி ஒருவருடையது. விடுமுறையில் சும்மா நிற்கிற வண்டி. கூட்டாளி இறங்கிச் சாவியை நீட்டினார். தனக்குக் கல்யாணத்துக்குப் போகவேண்டும், கூட வரமுடியாது என்றார்.

"எல்லாம் ஏறுங்க" என்றார் இவர். அதற்கு முந்தின இரண்டு நாளும் துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் கிடந்துவிட்டு வந்தவர். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஏறினார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போனேன்.

பூங்காவை அடையும்போது பத்தேமுக்கால். பஸ் வசதிக்கென்று ஒரு மேசை போட்டு ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். நேராக அவனிடம் போனேன். பஸ் ஏன் வரவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

"உங்க ஏரியா அப்படி மேடம். நாங்க என்ன பண்றது?"

எங்கள் ஏரியா எப்படி என்று அவனுக்கு யார் சொன்னது? அந்த மேசைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, அவன் குடித்துக்கொண்டிருந்த குளிர்பானம், அந்தப் பூங்காவின் மூலைக்கு மூலை ஆடுகிற பொம்மைகள், எல்லாம் ஏதோ ஒரு கண்டெய்னரில்தான் வந்திருக்கும். அதை ஏற்றி இறக்குகிறவன் இருக்கிற ரோட்டுக்கு மட்டும் இவர்கள் பஸ் வராது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். அவன் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "நெக்ஸ்ட்" என்றான்.

உள்ளே போனதும் பிள்ளைகள் தண்ணீர் விளையாட்டுக்கு ஓடினார்கள். அலைக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. "தோ வந்துடறேன்" என்று இவர் அதில் உட்கார்ந்தார், அப்படியே தூங்கிவிட்டார். வாய் திறந்து, ஒரு கை தரையில் தொங்க, அத்தனை கூச்சலுக்கும் நடுவில். சின்னவள் ஈரத் துணியோடு வந்து இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தாள். அவள் அப்பாவோடு சேர்ந்து ஏறவேண்டும் என்று ஒரு பெரிய படகு ராட்டினத்தைப் பார்த்து வைத்திருந்தாள். கண்ணைத் திறந்து, "போம்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். மூன்றாவது தடவை நான்தான் அவளை எழுப்பவிடாமல் இழுத்துக்கொண்டு போனேன். மாலையிலும் அவர் ஓட்டவேண்டுமே. படகில் நான் அவளோடு ஏறினேன். அது மேலே போய் நின்ற நொடியில் பெஞ்சில் அவர் தூங்குவது தெரிந்தது. எல்லாரும் பயத்தில் கத்தினார்கள். நானும் கத்தினேன், ஆனால் பயத்தில் இல்லை.

ஆறு மணிக்குப் பூங்காவை மூடினார்கள். வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் கண்ணாடியில் வடசென்னை என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் நின்றுவிட்டேன்.

"இன்னா மே? வேன் அந்தாண்ட கீது, வா" என்றார் இவர்.

"நீ புள்ளைங்கள இட்டுக்கினு போ. நான் இந்த பஸ்லதான் வரப்போறேன்."

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நான்தான் வண்டி வெச்சிக்கினு கீறேனே?"

"டோல்கேட் வரைக்கும் கொண்டு வந்து வுடறேன்னு சொல்லித்தானே பதிவு பண்ணிக்கினாங்க? வுடட்டும்."

அவர் முகம் சுருங்கியது. "நான் ஓட்டுனது உனக்குக் கேவலமா பூட்ச்சா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேவலம் இல்லை, நீ ஓட்டக்கூடாது என்றுதானே நான் இத்தனையும் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் அது வரவில்லை. "போய்யா" என்றேன். பாயும் அவர் மனைவியும் தர்மசங்கடமாகத் தரையைப் பார்த்தார்கள். மீன்காரக்கா தன் புருஷனிடம் பையைக் கொடுத்தாள். "நானும் டீச்சரம்மாகூட வர்றேன். நீ வேன்ல போ" என்று சொல்லி எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் நல்ல பஸ். குளிர்சாதனம், சாய்கிற இருக்கை. வழியெல்லாம் ஆட்கள் இறங்கிக்கொண்டே வந்தார்கள். சென்ட்ரல் வந்ததும் மிச்சமிருந்தவர்களும் இறங்கிப்போனார்கள். விளக்கைப் போட்டுவிட்டு, பொறுப்பாளர் என்று அட்டை மாட்டியிருந்த ஆள் எங்கள் பக்கம் வந்தார்.

"லாஸ்ட் ஸ்டாப். இறங்குங்க."

"டோல்கேட்" என்று நான் போனில் பதிவைக் காட்டினேன்.

"அதெல்லாம் போகாதும்மா. மெட்ரோ இருக்கு, போங்க."

"போகலேன்னா நாங்க எறங்கல" என்றாள் அக்கா. புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். யாருக்கோ போன் போட்டுவிட்டு வந்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடு நைனா. இன்னாத்துக்குக் கூப்புடணும், ஸ்டேஷனும் எங்க ஏரியாலதான் கீது. வண்டிய எட்து அங்கியே வுடு, எங்களுக்கும் வூடு கிட்ட" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு என்னால் எதற்குமே சிரிக்க முடிந்திருக்காது. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் டிரைவர் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வெளியூர்ப் பேச்சு.

"அக்கா, எனக்கு அந்தப் பக்கம் வழி தெரியாதுக்கா. கண்டெய்னர் வண்டிங்க உரசிட்டா பணம் என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. அந்தப் பக்கமே போகாதன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க."

அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காலையில் பஸ் வராததற்கு இவன் மேல் என்ன குற்றம்? "டிரெய்லருங்க கடலோர ரோட்ல போவும்பா. நம்ப மாநகரப் பஸ்ஸு போற ஐ ரோட்டுலயே போலாம். வழி நான் சொல்றேன்" என்றேன். அவன் பொறுப்பாளரைப் பார்த்தான். அவர் கையை விரித்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வால்டாக்ஸ் ரோடு, மின்ட், பழைய ஜெயில் ரோடு, கல்மண்டபம். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு திருப்பமாகச் சொன்னேன். தண்டையார்பேட்டையில் எங்களுக்கு முன்னால் ஒரு மாநகரப் பேருந்து ஆள் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. "பாருங்க" என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் பார்க்கவில்லை. ஒரு டிரெய்லர்கூடக் குறுக்கே வரவில்லை. சென்ட்ரலிலிருந்து டோல்கேட்டுக்கு நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

டோல்கேட்டில் என் கணவர் நின்றிருந்தார். வேனை ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவ்வளவு பெரிய பஸ்ஸிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். இவர் டிரைவரிடம் போய், வண்டியைத் திருப்ப இடம் காட்டி, பின்னால் நின்று கைகாட்டி, பத்திரமாக அனுப்பி வைத்தார். வீட்டுக்கு நடக்கும்போது, பஸ்ஸை எதற்குப் பதிவு செய்தேன் என்பதைச் சொன்னேன். "தெரியும் மே" என்றார். தெரிந்தும் அப்படிக் கேட்டாரே என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் பூங்காவுக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'நடைமுறைக் காரணங்களால் திருவொற்றியூர் நிறுத்தம் நீக்கப்பட்டுள்ளது. தங்கள் ஆதரவுக்கு நன்றி.' பஸ்ஸை ஒழுங்காக விடுங்கள் என்று கேட்டதற்கு, ஊரையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த வாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். நாற்பத்திரண்டு வயதில். முதல் தடவை லைசென்ஸ் சோதனையில் தோற்று, இரண்டாவது தடவை தேறினேன். பயிற்சிக்காரர் கற்றுக் கொடுத்ததைவிட இவர் கற்றுக் கொடுத்தது அதிகம். டிரெய்லருக்குப் பக்கத்தில் போகும்போது அதன் டிரைவருக்கு நம் வண்டி எங்கே தெரியும், எங்கே தெரியாது என்பதை ரோட்டில் நிறுத்திக் காட்டினார்.

இந்தக் கோடையில் அதே பூங்காவுக்குப் போனோம். அவருடைய தோஸ்த்தின் கார்தான், ஓட்டியது நான். இவர் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேடிக்கை பார்த்தாரா? இல்லை. வழி முழுக்க வலது காலால் தரையை மிதித்துக்கொண்டு, "பிரேக்கு, பிரேக்கு" என்று என் உயிரை எடுத்தார். ஆனால் இந்தத் தடவை படகு ராட்டினத்தில் இரண்டு தடவை ஏறினார், சின்னவள் போதும் போதும் என்று சொல்லும்வரை.

காலையில் போய்ச் சேர்ந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு கிழித்த ஆள், "எங்கேருந்து மேடம் வர்றீங்க?" என்று கேட்டார். திருவொற்றியூர் என்றேன்.

"அவ்ளோ தூரமா? நம்ம பஸ்லயே வந்திருக்கலாமே மேடம்."

நான் காரை விட்டு இறங்கி என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பள்ளியில் யாராவது படிப்பார்கள். பெரியவள் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "போதும் மே, அவன் இன்னா பண்ணுவான், வா" என்று இழுத்தார். நான் இன்னும் முடிக்கவில்லை என்றேன்.