காலி தீப்பெட்டிக்கு இன்சூரன்ஸ்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்த பெருமை உங்களுக்குக் கிடைக்கக் கூடாது.

பள்ளிக்கூட நாளிலிருந்து தீப்பெட்டிப் படம் சேர்க்கிறேன். டீக்கடை வாசல், கோயில் குப்பை என்று பொறுக்கியவை ஓர் ஆல்பம் நிறைய. அதில் ஒரு பச்சைக்கிளி, அச்சுப் பிசகில் சிவப்பாக வந்தது. கோயம்புத்தூரில் ஒரு சேகரிப்பாளர், கண்காட்சியில் வைத்துவிட்டுத் திருப்பித் தருவதாக ஆல்பத்தைக் கேட்டார். "கிளி மட்டுமே பத்தாயிரம் போகுமுங்க. அம்பதாயிரத்துக்குக் குறையாம இன்சூரன்ஸ் போட்டு அனுப்புங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

கள்ளக்குறிச்சி தபால் ஆபீசில் கவுன்டர் அம்மா, "உள்ள இன்னாங்க?" என்றார்.

"தீப்பெட்டி."

"பத்திக்கிற சாமான்லாம் அனுப்பக் கூடாதுங்க."

"படம் மட்டும்தாம்மா. இன்சூரன்ஸ் போடணும்."

பின்னால் நின்றவர் எங்கள் பக்கத்துத் தெரு கரும்பு விவசாயி. "இன்னா சார், காலி தீப்பெட்டிக்கு இன்சூரன்சா? எங்க கரும்புக்கே இன்னும் போடல!"

வரிசையே சிரித்தது. "மதிப்பு எவ்ளோங்க?" என்றார் அந்த அம்மா, ஊருக்கே கேட்கும்படி. அம்பதாயிரம் என்றால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை என் பேர் நாறும். "எரநூறு போடுங்க" என்று நானும் சிரித்துவைத்தேன். அதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதினார். தொலைந்தால் அந்த இருநூறுதான் கைக்கு வரும் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் மாற்ற வெட்கம். கரும்புக்காரர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

அந்த வாரமே வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். பஸ் வளைவு வளைவாக ஏற, செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. தபால் டிராக்கிங்கில் கடைசியாகப் பார்த்தபோது பொட்டலம் முந்தின நாளிலிருந்து சேலத்திலேயே நின்றது. மழை வேறு. மூட்டைகளுக்கு அடியில் என் கிளி ஊறிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. தாலி கட்டும் நேரத்தில் நான் பந்தலுக்குப் பின்னால் ஒரு பாறைமேல், போனை உயர்த்திப் பிடித்து நின்றேன்.

"கல்யாணத்துக்கு வந்தீங்களா, டவர் நட வந்தீங்களா?" என்றாள், தபால் ரசீதைப் பார்த்திருந்த மனைவி. "எரநூறு ரூபா சாமானுக்கு இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?"

உண்மையான மதிப்பைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

பந்தியில் உட்கார முடியவில்லை. இலை போட்டதும் எழுந்து, கிடைத்த பஸ்ஸில் தொற்றி அடிவாரம் வந்து, கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "பொட்டலம் வந்துச்சாங்க? கிளி நல்லா கீதா?"

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கிளி பத்திரமுங்க, திருப்பி அனுப்பறப்ப நானும் எரநூறுன்னே எழுதட்டுங்களா?"