எடைக்கல் அண்ணனின் நல்ல மிஷின்

ஊசி குத்துவதற்கு முன்னால் எடைக்கல் அண்ணன் தன் பத்து விரலையும் விரித்துப் பார்ப்பார், கூடையில் தக்காளி பொறுக்குவதுபோல. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குத்தி, பிதுக்கி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை மிஷினில் செருகிய பட்டையில் தொட்டுவிட்டு, மிஷினைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். எண் வந்ததும் முகம் மலரும். "நூத்திப் பன்னெண்டு! பாத்துக்கய்யா, வாலிபன் ரத்தம்." பிறகுதான் டீ. டீயில் மூன்று கரண்டி சர்க்கரை. நாலாவதைப் போடலாமா என்று மிஷினையே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

தராசு ரிப்பேர் பார்ப்பவர். என் பூட்டுக்கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அவர் தும்மினால் என் சாவிகள் ஆடும். கடைவீதியில் அவருக்குப் பெயர் எடைக்கல். கறிக்கடைத் தராசோ நகைக்கடைத் தராசோ, எது வந்தாலும் பேச்சுக் கொடுக்காமல் முதலில் எடைக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைப்பார். "தராசு சொல்றதக் கேக்காதே, கல்லு சொல்றதக் கேளு" என்பார். கல்லுக்கு ஒத்துவராத தராசின் முகத்தில் ஒரு துண்டு சிவப்பு டேப்பை ஒட்டிவிடுவார். பழுது தீரும்வரை கடைக்காரன் காலில் விழுந்தாலும் பிரிக்க மாட்டார். மீன்காரர் ஒருவர், "கால் கிலோதானேண்ணே முன்னப்பின்ன காட்டுது?" என்று கெஞ்சினார். "அந்தக் கால் கிலோவ உன் உடம்புலேர்ந்து வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டார் இவர்.

இவ்வளவு கறாரான மனிதர் அந்தச் சர்க்கரை மிஷினிடம் மட்டும் புது மாப்பிள்ளைபோலக் குழைவார். அண்ணி கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்தே குரல் கொடுப்பார்: "அது உங்களுக்குச் சர்க்கரை பாக்கல, ஐஸ் வைக்குது!"

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. இடதுகால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது என்றார்கள். இப்படியே போனால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள். எடைக்கல் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "அங்க மிஷின்ல பேட்டரி இறங்கிப்போச்சு தம்பி. நம்மதுல பாத்தேன், நூத்தி எட்டு."

போன வாரம் மருந்துக்கடை அம்மா வந்தார். மிஷினை விற்றது அவர்தான்.

"அண்ணே, இந்த மிஷினக் கம்பெனி திரும்பக் கேக்குது. உங்களுதோட சேந்து வந்ததெல்லாம் சர்க்கரையக் கொறச்சுக் காட்டுதாம். குடுத்துருங்க, புதுசு சும்மாவே தருவாங்க."

"கொறச்சுக் காட்டலம்மா. எனக்குக் கொறஞ்சிருக்கு, அதக் காட்டுது."

"யாருக்குப் பாத்தாலும் கொறச்சுத்தாண்ணே காட்டும்."

"அப்ப எல்லாருக்கும் நல்லதுதானே?"

அந்த அம்மா உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் அரத்தை எடுத்து ஒரு சாவியைத் தேய்க்க ஆரம்பித்தேன். எடைக்கல்லோடு வாதாடி ஜெயித்தவன் இந்த வீதியில் கிடையாது.

அந்த அம்மாவும் விடுவதாயில்லை. "மிஷின் வந்த டப்பாவுல குட்டியா ஒரு பாட்டில் இருந்துச்சே, எங்க?"

அண்ணி டப்பாவையே கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். விரல் நுனி அளவு பாட்டில், மூடி திறக்கப்படவேயில்லை.

"கண்ணுல விடுற மருந்துன்னு நெனச்சேன்" என்றார் எடைக்கல். "கண்ணுதான் நல்லாருக்கேன்னு விட்டுட்டேன்."

"மருந்தில்லண்ணே. இந்தத் தண்ணியில சர்க்கரை எவ்வளவுன்னு அளந்து மேலயே போட்டிருக்கான் பாருங்க. ரத்தத்துக்குப் பதிலா இத வச்சா, மிஷின் அந்த நம்பரச் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினார். "இதுக்கு இதுதாண்ணே எடைக்கல்லு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணன் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இருநூற்று அறுபதுக்கு மேல், முந்நூற்று நாற்பதுக்குள். ஒரு சொட்டு விட்டார். மிஷின் நூற்றுப் பதினைந்து என்றது.

கடைக்காரர்களிடம் அவர் சொல்வதுண்டு: "முத தடவ தப்பா வந்தா கைமேல சந்தேகப்படு. ரெண்டாந்தடவையும் வந்தா தராசு மேல சந்தேகப்படு." புதுப் பட்டையைச் செருகி இன்னொரு சொட்டு விட்டார். நூற்றுப் பதினொன்று.

"நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்ல அண்ணிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கல்யாணமான நாளிலிருந்து வாய்த்திருக்காது. வாயைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். எடைக்கல் குனிந்து கால்விரல் கட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி எத்தன மணி வரைக்கும் தெறந்திருக்கும்?"

"இப்பப் போனா பாக்கலாம். சீட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, நானும் வரேன்" என்றார் அண்ணி.

இழுப்பறையிலிருந்து சிவப்பு டேப் வெளியே வந்தது. மிஷினின் முகத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். ஒரு துண்டு டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, மருந்துக்கடை அம்மாவிடம் நீட்டினார். பிறகு இன்னொரு துண்டைக் கிழித்துச் சர்க்கரை டப்பாவின் மூடியில் ஒட்டினார். அதை நகத்தால் தேய்க்கவில்லை. அண்ணி செருப்பைத் தேடப் போன நேரம் பார்த்து, அதன் ஓரத்தை மட்டும், பிற்பாடு பிரிக்க வசதியாக, லேசாக மடித்துவிட்டார்.