ஒரு கஷ்டமும் இல்லாத பிள்ளை

எங்கள் வீட்டில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. விடை தெரியாவிட்டாலும் எதையாவது எழுதித் தாளை நிரப்பிவிட்டு வரவேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. அந்தக் கொள்கையால் ஒருமுறை அம்மா, அக்கா, நான் மூவரும் கையும் களவுமாக அகப்பட்டோம்.

அக்காவுக்கு ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்திருந்த நேரம். ஒன்பது பாடமும் ஏ. கொழும்பு வெள்ளவத்தையில் அப்படி வந்துவிட்டால் அடுத்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை, டொக்டருக்குப் படிக்கிற பயோதான். அம்மா விடியவே தனியார் வகுப்பு நடக்கும் டியூட்டரிக்குப் போய், முன்வாங்கில் ஒரு கொப்பியை வைத்து இடமும் பிடித்துவிட்டார். ஆனால் அடுத்த ஏ.எல். வகுப்புக்கு என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டால் அக்கா சுவரைப் பார்த்தாள். சாப்பாடும் குறைந்துபோனது. பயந்துபோன அம்மா, தொழில் வழிகாட்டல் செய்கிற ஒரு மிஸ்ஸிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு படிவத்தைத் தந்து, வீட்டில் அவசரமில்லாமல் ஆறுதலாக நிரப்பி அடுத்த கிழமை கொண்டுவரச் சொன்னார்.

முடிவெடுக்க என்னென்ன கஷ்டம் என்று கேட்கும் படிவம் அது. கஷ்டம் இல்லையென்றால் ஒன்று, மிகவும் கஷ்டமென்றால் ஐந்து. 'எனக்கு எது விருப்பம் என்று எனக்கே தெரியாது.' 'பிழையாகத் தெரிவுசெய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.' அக்கா பென்சிலால் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தாள்.

அம்மா திடுக்கிட்டுப் போனார். "இப்பிடியே குடுத்தா பிள்ளைக்கு மூளையில ஏதோ வருத்தம் எண்டெல்லோ நினைப்பினம்!"

அழிக்கும் வேலை எனக்கு. ஒன்பது வயதில், கடதாசி கிழியாமல் அழிப்பதில் வகுப்பிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. அம்மா பக்கத்தில் நிற்க, அக்கா எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டாள். முழுப்புள்ளி எடுத்த மாதிரி எங்களுக்குத் திருப்தி.

அடுத்த கிழமை மிஸ் அந்தத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆர் அழிச்சது?"

"நான்தான் மிஸ்," என்றேன் பெருமையாக. அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

மிஸ் கோபிக்கவில்லை. "தெரியாது எண்டு எழுதுறது வருத்தம் இல்லை அம்மா. எது தெரியேல்லை எண்டு பிள்ளை சொன்னா அதில இருந்து தொடங்கலாம். ஒரு கஷ்டமும் இல்லை எண்டு எழுதிக்கொண்டு வாற பிள்ளையளை நினைச்சுத்தான் நான் பயப்பிடுறனான்."

"முன்வாங்கில இடம் பிடிச்சு வச்சிருக்கிறன் மிஸ். பிந்தினாப் போயிடும்."

"பின்வாங்கில இருந்தும் படிக்கலாம். எந்த வகுப்பெண்டு முதல் அவ பாக்கட்டும்."

அக்காவிடம் புதுப் படிவமொன்றைக் கொடுத்துவிட்டு, மிஸ் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். அம்மா கைப்பையைத் திறந்து திறந்து மூடினார். "என்னட்டயாவது சொல்லியிருக்கலாம்தானே," என்றார், என்னைப் பாராமல். அம்மாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது. கிள்ளியதற்காக என்று நினைத்தாரோ, தொடையைத் தடவிவிட்டார்.

அக்கா வெளியே வந்து, "எனக்கு இன்னும் தெரியேல்லை அம்மா," என்றாள்.

அம்மா கைப்பையை இறுக்கி மூடினார். "சரி," என்றார்.

பசி எடுத்ததால் காலி வீதி என்ற பெருந்தெருவில் ஒரு பேக்கரிக்குள் போனோம். கடைக்குப் போனால் மூவருக்கும் அம்மாதான் சொல்வது வழக்கம். அன்று அக்காவைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அக்கா கண்ணாடிப் பெட்டியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடந்தாள். மீன் பணிஸ், ரோல்ஸ், பற்றிஸ். திரும்பவும் நடந்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடைக்காரர் இடுக்கியைத் தட்டினார்.

"கெதியாச் சொல்லன் அக்கா!"

"விடு. அவ பாக்கட்டும்," என்று அம்மா என்னைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். அவர் இரண்டு தரம் ஏதோ சொல்ல வாயெடுத்ததையும், சொல்லாமலே விட்டதையும் கண்டேன். தொண்டை நோகுதாக்கும் என்று நினைத்தேன். ஒன்பது ஏ எடுத்தவளுக்கு மட்டும் இவ்வளவு செல்லம் என்று ஆத்திரமாகவும் இருந்தது. அந்தப் பெட்டிக்கு முன்னால் அதிகம் கஷ்டப்பட்டது அக்கா இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.