மறதிக்கு ஏழாவது விளக்கம்

பேராசிரியர் ஹெக்டே, மைசூர் அச்சகக்காரர் ஈரண்ணாவுக்கு நாலாயிரம் ரூபாய் கூலி பாக்கி வைத்திருந்தார். ஆனாலும் தாம் தொகுக்கும் உளவியல் கலைச்சொல் அகராதியில் 'மறதி'யின் விளக்கத்தை ஏழாவது முறையாக அடித்துத் திருத்திக் கொண்டுவந்தார். நாலாம் வகுப்போடு நின்று, ஒற்றை ஆளாக அச்சகம் கண்டவர் ஈரண்ணா. அவர் அச்சுக் கோத்த பக்கத்தில் பிழை கண்டவன் ஊரில் இல்லை. கோத்த ஈய எழுத்துகளைத் திரும்பவும் பிரிக்கச் சொன்னதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நினைவு அழிஞ்சுபோறதா, உள்ளே இருந்தும் எட்டாம நிக்கறதா, அதான் குழப்பம் ஈரண்ணா."

"என் கூலி உங்க தலையில அழிஞ்சுபோச்சா, எட்டாம நிக்குதா சாமி? அதையே கோத்துடறேன்."

ஹெக்டே யோசித்தார். "உள்ளேதான் இருந்திருக்கு. நீங்க கேட்டதும் வந்துடுச்சே. எட்டாததுன்னே வச்சுக்கலாம்."

"அப்ப பணத்தை எடுங்க," என்று மை படிந்த உள்ளங்கையை விரித்தார் ஈரண்ணா. ஹெக்டே நூறு ரூபாய்த் தாள்கள் நாற்பதை அதில் எண்ணி வைத்தார்.