இரண்டு ஆறாம் ரோட்டுகள்

இது கட்டிச் சொன்ன கதையில்லை. நம்பாதவர்கள் என்னோடு வாருங்கள், அந்தக் கம்பத்தைத் தொட்டுக் காட்டுகிறேன்.

கனடாவில், விட்பிக்கு வடக்கே ஒரு கிராமத்து முனிசிப்பாலிட்டி. ஹெல்மர், ஸ்டோக்லி என்ற இரண்டு ஊர்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. இரண்டிலும் ஓர் ஆறாம் ரோட்டு உண்டு. நடுவில் இருபது கிலோமீட்டர் சோளக் காணி. போர்டில் ஆறு பெரிதாக இருக்கும். ஊர்ப்பெயர் கீழே சின்னதாக.

எட்டு வருசத்துக்கு முன், ஹெல்மர் பண்ணையில் டிராக்டர் பிரண்டது. அடியில் என் கூட்டாளி வாகீசன். அவனுடைய போனோடு சந்திக்கு ஓடினேன். அம்புலன்சுக்கு அடித்தேன். எந்த ஊர் ஆறாம் ரோட்டு, போர்டை வாசி என்றார்கள். எனக்கு இலக்கம் தெரியும். எழுத்துத் தெரியாது, ஊர்ப்பெயரும் தெரியாது. "சிக்ஸ், சிக்ஸ்" என்று கத்தினேன். அம்புலன்ஸ் ஸ்டோக்லிக்குப் போய்விட்டது. நான் திரும்பி ஓடிவந்தபோது டிராக்டருக்கு அடியில் கிடந்த வாகீசன் கேட்டான்.

"வாசிச்சுச் சொன்னனீங்களோ அண்ணை?"

"ஓமடா" என்றேன். அவனிடம் நான் சொன்ன கடைசிச் சொல் அந்தப் பொய்தான்.

பிறகு ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தேன்.

போன டிசம்பரில் ரோட்டுப் போர்டு மாற்றும் வேலை கிடைத்தது. அன்றைய கடைசிக் கம்பம் அந்தச் சந்தி. மாலை 5:12. நல்ல இருட்டு. காற்றில்லை. ஆனால் போர்டு ஆடியது. டிக்... டிக்...

டீசல் மணத்தது.

பின்னால் யாரோ மூச்சுக்கு அந்தரப்பட்டார்கள்.

"அண்ணை... உதில என்ன எழுதியிருக்கு?"

நான் திரும்பவில்லை.

எழுத்துக் கூட்டினேன்.

"ஹெ... ல்... ஹெல்மர். சிக்ஸ்."

மூச்சுச் சத்தம் நின்றது.

5:31. சைரன். அம்புலன்ஸ் நேரே என்னிடம் வந்து நின்றது.

"யாருக்கு அடிபட்டது?"

"ஒருவருக்கும் இல்லை. நான் கூப்பிடவில்லை." என் போன் வாகனத்துக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

"ஓர் ஆள் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறார்" என்று அம்புலன்ஸ்காரன் திரையைக் காட்டினான். 5:12. கூப்பிட்ட போன் நம்பரும் இருந்தது. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

வாகீசனுடையது.

அடுத்தநாள் அவன் மனைவி கௌசியிடம் போனேன். நடந்ததையும் எட்டு வருசமாக மறைத்த பொய்யையும் சொன்னேன்.

"அந்த நம்பரை அவர் செத்த மாசமே வெட்டிப்போட்டன் அண்ணை."

மணிக்கூட்டைப் பார்த்துக் கேட்டா.

"நேற்று எத்தினை நிமிசத்தில வந்தவங்கள்?"

"பத்தொன்பது."

"அவர் நாப்பது நிமிசம் உயிரோட கிடந்தவர்."

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா. எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தா.