பச்சைக்குக் கீழே இரண்டு துளை

அந்தச் சைக்கிள் பிறேம் பழைய இரும்புக்காரரின் லொறியில் வந்தது. சண்டை முடிந்து, சனம் திரும்பிப் போய்க் காணி துப்புரவாக்கிய காலம். மறிச்சுக்கட்டிப் பக்கம் ஒரு பற்றைக்குள் கிடந்ததாகச் சொன்னார். சில்லு இல்லை. ஹாண்டில் இல்லை. சீற் இல்லை. வெறும் பிறேமும் முன் சில்லைப் பிடிக்கிற போர்க்கும் மட்டும். மேலே சாம்பல் பெயின்ற், தடிப்பாக, வீட்டுக் கதவுக்கு அடிக்கிற சாமான்.

நான் பள்ளிமுனையில் சைக்கிள் திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"இரும்போட போட மனம் வரேல்ல," என்றார் அவர். "தூக்கிப் பாருங்கோ. பூனைக்குட்டி."

தூக்கினேன். பாரமில்லை. விரலால் தட்டினேன். மெல்லிய குழாய்க்கு ஒரு சத்தம், தடித்த குழாய்க்கு ஒரு சத்தம். இது மெல்லியது. இங்கிலாந்துச் சாமான், ஓட்டப் போட்டிக்குச் செய்கிற சாதி.

"என்ன மொடல்?"

"சுரண்டாமல் சொல்லேலாது."

"அப்ப சுரண்டுங்கோ. கலியாணத்துக்கு முதல் நானும் கொஞ்சம் சுரண்டிப் பாத்திருக்க வேணும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சாதிச் சைக்கிள் மன்னாரில் நாலைந்துதான் இருந்தது. அதில் ஒன்று என் அண்ணனுடையது.

தலைமன்னார் றெயில்வேயில் வேலை செய்த ஒரு கிளாக்கரிடம் அண்ணன் அதை வாங்கினார். சண்டை தொடங்குவதற்கு முந்தி. ஒரு நாள் காலமை அதில் ஏறிப் பாலம் கடந்து போனார். அரிப்பு என்ற ஊரில் தெரிந்த ஒருவரிடம் வலை பார்க்க. பின்னேரம் வருவேன் என்றார். பதினெட்டு வருசம் வரவில்லை.

அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், தேடிப் போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஆமி முகாம் வாசல் எல்லாம் நின்றா. இருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவ வெள்ளை உடுக்கவில்லை. நல்லது கெட்டதுக்கும் போகவில்லை. கார்த்திகை மாதம் மரித்தவர்களின் திருநாளில் ஊர்ச்சனம் முழுக்கச் சேமக்காலைக்கு மெழுகுதிரியோடு போகும். மச்சாள் தாய் தகப்பனுக்குக் கொளுத்துவா. கையில் ஒரு திரி மிஞ்சும். அதைக் கொளுத்தாமல் திரும்பக் கொண்டு வருவா.

ஒரு முறை கேட்டேன். "கொளுத்தினால் என்ன மச்சாள்?"

"இருக்கிற மனிசனுக்குக் கொளுத்தினாலும் பாவம். செத்தவருக்குக் கொளுத்தாமல் விட்டாலும் பாவம். நீ சொல்லு, நான் எந்தப் பாவத்தை எடுக்க?"

எனக்குத் தெரியாது.

பழைய இரும்புக்காரருக்கு இரண்டு றிம்மும் கொஞ்சச் செயினும் கொடுத்துப் பிறேமை வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் உடைந்த வாள் அலகால் மேல் பார்க் குழாயில் சுரண்டினேன். சாம்பல் போனது. கீழே பச்சை.

அந்தப் பச்சையைச் சொல்ல வேண்டும். கோயில் திருநாளுக்கு முன்னம் நாங்கள் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிப்போம். மிஞ்சினது சைக்கிளுக்கும் யன்னலுக்கும் போகும். உப்புக்காற்றில் வேறு எதுவும் நிற்காது. ஒரு வருசம் சண்டையால் பாதை பூட்டி, பச்சை வரவில்லை. அண்ணன் நீலத்தகரத்துக்குள் மஞ்சளை ஊற்றித் தானே ஒரு பச்சை கலந்தார். அழுகின பாசி மாதிரி வந்தது. "வள்ளத்துக்குப் பித்தம் பிடிச்சிருக்கு," என்று கரையில் நின்றவர்கள் பகிடி பண்ணினார்கள். அண்ணன் சைக்கிளுக்கும் அதையே அடித்தார். கடையில் விற்கிற எந்தப் பச்சையும் அப்படி இராது.

அதைக் கண்டவுடன் சுரண்டுவதை விட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. மற்றவர் சைக்கிள் என்றால் முழுக்கச் சுரண்டி, குழாய் பொருந்துகிற இடமெல்லாம் பார்த்துத்தான் வாய் திறப்பேன். அன்று கை நின்றுவிட்டது.

மச்சாளைக் கூப்பிட்டேன். வந்தா. குந்தியிருந்து பச்சையில் கை வைத்தா. கன நேரம் கையை எடுக்கவில்லை.

"அவரின்ரயோ?"

"ஓம்."

ஒரு சொல்தான் சொன்னேன்.

அவ அழவில்லை. "அப்ப அரிப்பும் தாண்டி மறிச்சுக்கட்டி வரைக்கும் போயிருக்கிறார்," என்றா. பிறகு எழும்பிச் சுவாமியாரிடம் போனா. அந்தக் கிழமையே மரித்த ஆத்துமாவுக்குப் பூசை வைத்தோம். சேமக்காலையில் ஒரு சிலுவை நட்டோம். பேர்த்தகட்டை நான்தான் வெட்டித் திருகாணி போட்டேன். கீழே ஒன்றும் இல்லை, மணல்தான். மச்சாள் வெள்ளை உடுத்தா.

பிறேமைக் கடைக்குள் கொழுவினேன். சோளகக் காற்று தொடங்கியது. எங்கள் பக்கம் சோளகம் என்றால் தகரம் எல்லாம் பேசும். அந்த வருசம் கடைக்குள்ளும் ஒரு சத்தம். ஊதுகிற மாதிரி, நீட்டாக, பிறகு நின்று, திரும்பவும். சீற் இல்லாத குழாயின் வாய்க்குள் காற்று பூந்து கீழால் போகிறது. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் பட்டப்பகலில் அதுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டேன். சில்லுக்குக் காற்றடிக்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் கேட்டார், "உள்ள ஆரும் படுத்திருக்கினமோ?"

மச்சாள் ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்தா. வாசலில் நின்றுவிட்டா. காற்று ஊதியது.

"ஒரு பூசை காணாது போல," என்றா. "இன்னும் ஆறேல்ல அவருக்கு."

"காற்று மச்சாள். குழாய்க்குள்ள."

"ஓம், காற்றுத்தான்." சாப்பாட்டை நிலத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனா. இரண்டாம் பூசைக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதாகப் பிறகு அறிந்தேன்.

இப்படி விடேலாது என்று நினைத்தேன். வாயை அடைத்து, பழசு முழுக்கச் சுரண்டி, புதுசாகப் பெயின்ற் அடித்து வைப்போம் என்று இறக்கினேன். எமரித்தாள் போட்டுத் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே கறுப்பு. கறுப்பின் ஓரத்தில் பொன் கோடு. கம்பனி அடித்தது. ஹாண்டில் இறங்குகிற முன்குழாயில் தேய்க்கும்போது ஒரு இடத்தில் பூசி அடைத்திருந்த புட்டி உதிர்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் உதிர்ந்தது. இரண்டு சின்னத் துளை. கம்பனித் தகட்டை அடித்த துளை.

ஒன்று இடப்பக்கம். ஒன்று வலப்பக்கம்.

அண்ணனுடைய சைக்கிளில் துளைகள் மேலும் கீழுமாக இருந்தன. எனக்கு நிச்சயம். கீழ் ஆணி கழன்று தகடு ஆடியபோது, நான்தான் அந்தத் துளையில் திருகாணி பூட்டினேன். அந்தக் கம்பனி அந்தக் குழாயில் இரண்டு மொடல் செய்தது. ஓட்டப் போட்டி மொடலுக்குத் தகடு ஒடுக்கம், நிமிர்ந்து நிற்கும். தூரப் பயண மொடலுக்குத் தகடு அகலம், படுத்திருக்கும். பாரமும் சத்தமும் ஒன்றுதான். தகட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

அண்ணனுடையது நின்ற தகடு. இது படுத்த தகடு.

ஸ்டூலில் இருந்துவிட்டேன். செத்தாரோ இல்லையோ தெரியாத மனிசனை நான் ஒரு சொல்லால் சாகடித்திருந்தேன். ஆனால் பச்சை அவர் கலந்த பச்சைதான். அதிலும் எனக்கு நிச்சயம். அவருடைய பச்சை வேறொருவனின் சைக்கிளில் எப்படி வந்தது? போன இடத்தில் இருந்து கலந்து அடித்தாரோ? எங்கேயோ உயிரோடு இருந்து?

மூன்று கிழமை மச்சாளிடம் சொல்லவில்லை. குழாயின் வாயைத் துணியால் அடைத்திருந்தேன். சத்தம் இல்லை. சத்தம் இல்லாததும் காதில் கேட்டது.

பிறகு போய்ச் சொன்னேன். மச்சாள் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. துளையைச் சொன்னேன், தகட்டைச் சொன்னேன். புரட்டுவதை நிப்பாட்டவில்லை.

"அப்ப பச்சை?"

"அதுதான் விளங்கேல்ல. போன இடத்தில கலந்தாரோ எண்டு..."

"விசர்க் கதை கதையாத." இப்போதுதான் நிமிர்ந்தா. "அந்தத் தகரம் திருநாள் முடியுமட்டும் றோட்டில இருந்தது. மிஞ்சின பெயின்ற்றை ஆர் கொட்டுறான்? போறவன் வாறவன் எல்லாம் தூரிகையைத் தோய்ச்சான். எங்கட படலைக்கே மிஞ்சேல்ல. நீயும் தோய்ச்சனீ. உன்ர காத்தடிக்கிற பம்முக்கு."

உண்மைதான். என் பம்மும் அந்தப் பச்சைதான். கண்ணுக்கு முன்னால் மூலையில் நின்றது. யோசிக்கவில்லை.

"ஆரிட்டச் சொன்னனீ?"

"ஒருத்தரிட்டயும் இல்லை."

"என்னட்ட ஓம் எண்டு ஏன் சொன்னனீ?"

அவ என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. கருவாட்டை மூடி, கை கழுவினா.

"நாளைக்குச் சிலுவையில பேரைக் கழட்டு. சிலுவை நிக்கட்டும்."

கழற்றினேன். ஞாயிறு மச்சாள் ஊதாச் சீலை உடுத்துக் கோயிலுக்கு வந்தா. வாசலில் ஒருத்தி விடவில்லை. "என்னடியப்பா, மாப்பிள்ளை எழும்பி வந்திட்டாரோ?"

"எழும்பேல்ல," என்றா மச்சாள். "நாங்கள் கிடத்தினது பிழை."

செய்வித்த பூசைகளை என்ன செய்வது என்று சுவாமியார் கேட்டதற்கு, "அந்தச் சைக்கிளில போனவனுக்கு இருக்கட்டும்," என்றா. பிறகு பிறேமைக் கடைக்கு வெளியே, றோட்டுப் பக்கம் கொழுவச் சொன்னா. பெயின்ற் அடிக்க விடவில்லை. கறுப்பும் பச்சையும் தெரிகிறபடி வார்னிஸ் பூசினேன்.

சைக்கிளில் போய்த் திரும்பாதவர்களின் ஆட்கள் வந்தார்கள். தோட்டவெளியில் இருந்து ஒருவர் வந்து துளையைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டிப் போனார். பாலத்துக்கு அப்பால் பெருநிலப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா பஸ்ஸில் வந்தா. பெடியன் சைக்கிளில் போனவனாம். தகடு நின்றதோ படுத்ததோ என்று கேட்டேன். தெரியவில்லை. பச்சை அடித்ததோ என்று கேட்டேன். வேலைக்கு மன்னாருக்கு வந்து போனவன், என்னத்தை அடித்தானோ என்றா. "கறுப்புச் சைக்கிள், தம்பி. அது மட்டும் தெரியும்."

குழாயைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தா. பச்சையில் கை வைத்த அன்று மச்சாள் பார்த்த மாதிரியே.

"என்ர பிள்ளையின்ரயோ?"

"தெரியாதம்மா," என்றேன்.

கையை எடுக்கவில்லை. மச்சாள் உள்ளே இருந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தா. பஸ் வருகிற நேரம் அவவைக் கூட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் நடந்தா.