கறுத்த வெள்ளிச் சரிகை

ஃபின்டன் கெராட்டிக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான்: பிரிந்து ஓடும் நூல்கண்டு. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, டிரவுட் மீனை ஏமாற்றப் பொய் ஈ கட்டுகிறவர் அவர். காரிப் ஏரிக்கரையில் பாதிப் பேருக்கு அந்தக் கிறுக்கு உண்டு. ஆனால் ஈ கட்டுவதைவிடச் சிக்கெடுப்பதிலேயே பொழுதைத் தொலைத்தவர் இவர் ஒருவர்தான். பெட்டியைத் திறந்தால் பட்டும் கம்பியும் சரிகையும் கட்டிப்புரண்டு கிடக்கும்.

"காலமெல்லாம் பஸ் ஓட்டினேன், ஒரு நாள் வழி தப்பல. ஒரு நூலோட நுனியைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல எனக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

மீன்பிடிப் பருவம் முடிந்த அக்டோபரில், படகு வாடகைக்கு விடும் அட்ராக்டா லைடன் அவரிடம் ஒரு கண்டைக் கொடுத்தாள். அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போன அசல் வெள்ளிச் சரிகை.

"மே மாசம் ஏரியில ஈ கிளம்புறப்போ எனக்கு ரெண்டு மூணு ஈ கட்டிக் குடுங்க" என்றாள்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மே மாதம் ஏரியில் நடக்கும் மீன்பிடிப் போட்டியில் ஒரு படகுக்கு இரண்டு பேர். காலையிலிருந்து மாலைவரை யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊரே கரையில் நின்று பார்க்கும். மனைவி இறந்துபோய் ஒன்பது வருஷமாகத் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்கிற மனிதருக்கு அவளுடைய படகில் ஓர் இடம் கிடைத்தால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

ஆனால் சரிகை பிரிந்து தொலைத்தால்? ஒட்டுநாடா சுற்றினார், பிசுபிசுத்தது. கொண்டை ஊசி செருகினார், நழுவியது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி, ஒரு டப்பாவில் வைத்து மூடினார். உடும்புப்பிடி! மதுக்கடையில் அதைப் பற்றியே பேசிப் பேசி எல்லோர் கழுத்தையும் அறுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா, ஈ எத்தனை கட்டின?" என்றான் படகுக்காரன் கோல்மன்.

"முதல்ல பத்திரம். கட்டுறதுக்கு என்ன அவசரம்?"

"நீ பத்திரப்படுத்துறதுக்குள்ள அந்தம்மாவுக்குப் பல்லு போயிடும்."

குளிர்காலம் முழுக்க அந்த டப்பாவைத் தொடக்கூட அவருக்குப் பயம். போட்டிக்கு முந்தின நாள் திறந்து வளையத்தைக் கழற்றினார். அடக் கடவுளே! சரிகை அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. ரப்பர் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது ஈ கட்டப் பழகுகிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவருக்குத் தெரியாததல்ல. பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் மண்டை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தார். முழங்கால் வலியோடு எவ்வளவு தூரம் ஓடுவது? அவள் வீட்டுக் கதவையே தட்டினார்.

அட்ராக்டா கண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க அப்பா பொருளை நாசம் பண்ணிட்டேன். நான் ஒரு முட்டாள்."

"அது ஊருக்கே தெரியும். ஈ எங்கே?"

"கட்டல."

"ஒண்ணுகூடவா?"

"பிரிஞ்சிடக் கூடாதேன்னு..."

"ஃபின்டன், இதைப் பூட்டி வைக்கணும்னா என் வீட்டு அலமாரி போதாதா? ஈ கட்டுற சாக்குல நாலு தடவை வருவீங்க, போவீங்கன்னு நினைச்சேன். குளிர்காலம் பூரா கெட்டிலைப் போட்டுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். தெரியுமா?"

அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. வளையம் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும் இங்கே தேநீர் ஆறிப்போயிருக்கிறது.

அவள் மேசையைத் துடைத்து, முள்ளைப் பிடித்துக்கொள்ளும் அப்பாவின் இடுக்கியை அதன் விளிம்பில் திருகிப் பொருத்தினாள். "உட்காருங்க. கறுப்போ வெள்ளையோ, இப்பவே கட்டுங்க."

அவர் முள்ளில் சரிகையைச் சுற்றத் தொடங்கினார். இரண்டாவது சுற்றிலேயே கண்டு விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, சரிகையை நீளமாக இழுத்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் ஓடியது. ஃபின்டன் பதறி எழுந்தார். அவள் அவருடைய சட்டைக்கையைப் பிடித்தாள்.

"போகட்டும் விடுங்க."

அவர் உட்கார்ந்தார்.